எல்லைக்கல்லருகே பதினொரு விநாடி

பிரஷாந்தன் பொய் சொன்னவன் அல்லன். ஓர் உண்மையைச் சொல்ல மறந்தவன். அந்த மறதி மார்ச் மாதம் தொடங்கி ஒக்டோபர் வரை ஒருநாள்கூட விடுப்பு எடுக்காமல் உழைத்தது, அவ்வளவுதான்.

உண்மை இது: பல்கலைக்கழகத்தில் எடுத்த ஜெர்மன் பாடத்தை அவன் நாலாவது கிழமையே விட்டுவிட்டான். அந்த மொழியில் மேசை ஆண், கதவு பெண், சிறுமி மட்டும் இரண்டுமில்லை என்று விரிவுரையாளர் சொன்ன அன்று, அடுத்தவர் வீட்டு விவகாரத்தில் தலையிடுவது முறையல்ல என்று அவனுக்குத் தோன்றியது. பதிலாகத் திரைப்படக் கல்வி என்ற பாடத்தில் சேர்ந்தான். அங்கே இருட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். விழித்திருந்தால் அதைப் பங்கேற்பு என்று குறித்துக்கொள்வார்கள்.

அம்மா கலாவுக்கு இது தெரியாது. மகன் ஜெர்மன் படிக்கிறான், வருகிற ஏப்ரலில் பரிமாற்ற மாணவனாக டோர்ட்மண்ட் போகிறான், அங்கே முப்பத்தெட்டு வருடமாக இருக்கும் பெரியப்பா வீட்டில் தங்குவான் என்பதுதான் கலாவுக்குத் தெரிந்தது. கலாவுக்குத் தெரிந்தது அவுஸ்திரேலியாவில் அவர்கள் குடியிருந்த ரோவில் புறநகர் முழுவதற்கும் தெரியும். ரோவில்லுக்குத் தெரிந்தது நகரத்தின் வடகோடியில் இருக்கும் கிரெய்கிபர்ன் போய்ச்சேர ஒரு பிறந்தநாள் விழா போதும். அந்த ஏழு மாதத்தில் ஐந்து நடந்தன.

கலா ரோவில் தமிழ் மூத்தோர் மன்றத்தின் செயலாளர். மாதத்தின் மூன்றாம் சனிக்கிழமை பிற்பகலில் நகரசபை மண்டபத்தில் மன்றம் கூடும். இந்த வருடம் நகரசபை ஒரு நிபந்தனை வைத்தது. மண்டபம் தொடர்ந்து வேண்டுமானால், வேறொரு சமூகத்தோடு சேர்ந்து ஏதாவது நடத்திக் காட்ட வேண்டும். அதே நேரத்தில் பக்கத்து அறையில் ஜெர்மன் முதியோர் கழகம் கூடிக்கொண்டிருந்தது. அவர்களுக்கும் அதே கடிதம் வந்திருந்தது. இரு தரப்பும் நடைபாதையில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட விதம், பிள்ளைகளுக்கு வயது ஏறிவிட்ட இரண்டு வீட்டார் சம்பந்தம் பேசத் தொடங்குவதைப் போல இருந்ததாம்.

செப்டம்பர் தமிழர் முறை. பரதம் ஆடிக் காட்டி, வடை கொடுத்தார்கள். பரதத்தின் தத்துவம் ஜெர்மன்காரருக்கு விளங்கியதா தெரியாது. வடை விளங்கியது. ஒக்டோபர் அவர்கள் முறை. கழகத் தலைவி ஹெல்கா அம்மையார் ஒரு பழைய படத்தின் டி.வி.டி.யைக் கொண்டுவந்து கொடுத்தார். போர் முடிந்து சில வருடங்களில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். மலை, மாடு, விவசாயி. கீழே ஆங்கில எழுத்து ஓடாது.

“அதுக்கென்ன,” என்றார் கலா நிர்வாகக் குழுவில். “என்ர மகன் இருக்கிறான். மைக்கைக் கையிலை குடுத்தா தமிழிலை சொல்லிக்கொண்டே வருவான்.”

அன்று மாலை சாப்பாட்டு மேசையில் பிரஷாந்தனுக்குச் செய்தி அறிவிக்கப்பட்டது.

“அம்மா, பழைய படத்து ஜெர்மன் வேறை, வகுப்பிலை படிப்பிக்கிற ஜெர்மன் வேறை,” என்றான். யாருக்குப் படிப்பிக்கிற ஜெர்மன் என்று அவன் சொல்லவில்லை. அந்த அளவுக்கு நேர்மை அவனிடம் இருந்தது.

“மாடு அங்கையும் மாடுதானே?”

“மாடு கதைக்காது அம்மா. மனிசர்தான் கதைப்பினம்.”

“ஆறு நாள் கிடக்கு. பாத்துப் பழகு. பெரியப்பாவுக்கும் சொல்லிப்போட்டன். அந்த மனிசன் உனக்கெண்டு அறைக்குப் பெயின்ற் அடிச்சு முடிச்சு, இப்ப அலுமாரிப் பலகையளைப் பொருத்திப் பூட்டிக்கொண்டிருக்கிறார்.”

பிரஷாந்தனின் கணினியில் டி.வி.டி. போட வாய் இல்லை. டி.வி.டி. ஓட்டும் கருவி ஒன்றை இரவல் கொடுத்தவர் பாஸ்கர். சென்னைக்காரர், ஐ.டி. வேலை, குடியிருப்பது நகரத்தின் மறுகோடியில் டார்னெய்ட்டில். அவருடைய மாமியார் மன்ற உறுப்பினர். மாமியாரைக் கொண்டுவந்து இறக்கிவிடும் மருமகனைச் சும்மா உட்காரவிடுவது தமிழர் பண்பாடு அல்ல என்பதால், மன்றத்தின் ஒலி, ஒளி, திரை எல்லாம் அவர் தலையில் விழுந்திருந்தன.

படத்தின் பெயரே முதல் தடையாக இருந்தது. முள்ளுக்கம்பியை வளைத்து எழுதியது போன்ற எழுத்து. பிரஷாந்தன் அதைத் தாண்டி உள்ளே போனான்.

மீசை வைத்த ஒரு கிழவர். பக்கத்துப் பண்ணையில் மீசை வைக்காத ஒரு கிழவர். இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. தேவாலயத்தில் ஒருவர் இருமினால் மற்றவர் எழுந்து வெளியே போகிறார். மீசைக்காரரின் மகன் போரிலிருந்து வருகிறான். மீசையில்லாதவரின் மகள் பால் வாளியோடு வழியில் நிற்கிறாள். வாளி தளும்புகிறது. தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்தவனுக்கு இதுவரை ஜெர்மன் தேவைப்படவில்லை.

பிறகுதான் சிக்கல். மூடுபனி படர்ந்த ஒரு காலை, மீசைக்காரர் கடப்பாரையோடு வயல் ஓரம் போய் மண்ணைக் கிளறுகிறார். மகன் மரத்தின் பின்னால் நின்று பார்க்கிறான். அடுத்த காட்சியில் அவன் பெட்டி கட்டுகிறான். ஏன்? நாலைந்து பேர் கத்துகிறார்கள், ஒரு பாதிரியார் கும்பிடுகிறார். ஏன் என்று தெரியவில்லை. படத்தின் முன்பாதியில் ஒரு நாய் வருகிறது, பின்பாதியில் வரவில்லை. ஆகவே கிழவர் நாயைப் புதைக்கிறார், மகன் துக்கம் தாங்காமல் ஊரைவிட்டுப் போகிறான் என்று பிரஷாந்தன் தீர்மானித்தான். திரைப்படக் கல்வியில் இதைவிடப் பலவீனமான சான்றுக்கு அவனுக்கு அறுபத்தெட்டுப் புள்ளி கிடைத்திருக்கிறது.

ஆனால் கடைசிக் காட்சியை அப்படித் தீர்மானிக்க முடியவில்லை. மகன் பெட்டியோடு நடக்கிறான். வயல் ஓரத்தில் அவள் நிற்கிறாள். பதினொரு விநாடி பேசுகிறாள். அவன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்கிறான். படம் முழுவதும் ஒருதரமும் சிரிக்காதவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். மலை, மணியோசை, முடிந்தது.

பிரஷாந்தன் அந்தப் பதினொரு விநாடியைத் திரும்பப் பார்த்தான். அவள் அழவில்லை. அவன் கையைப் பிடிக்கவில்லை. கண்ணில் காதல் வழியவும் இல்லை. அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்பவள் போலச் சொல்கிறாள். பெட்டி கட்டிப் புறப்பட்ட ஒருவனைப் பதினொரு விநாடியில் எதைச் சொல்லி நிறுத்தலாம்? நிறுத்துவதோடு விடாமல் சிரிக்கவும் வைக்கலாம்?

கைபேசியில் இருந்த மொழிபெயர்ப்புச் செயலியை அவள் வாய்க்கு முன்னால் பிடித்தான். செயலி சற்று யோசித்து, “பசு. என் செவ்வாய்க்கிழமை. உருளைக்கிழங்கும் ஒரு வழக்கறிஞர்” என்றது. மறுபடி பிடித்தான். இந்த முறை செவ்வாய் புதனாகியிருந்தது.

பெரியப்பாவிடம் கேட்கலாம். ஆனால் ஜெர்மன் படிக்கிற பிள்ளை இதை ஏன் என்னிடம் கேட்கிறது என்று அவர் கேட்பார். ஆகவே கேட்கவில்லை. படத்தை ஒன்பது தரம் பார்த்தான். பதினொரு விநாடியை எத்தனை தரம் பார்த்தான் என்பதற்குக் கணக்கில்லை. பல் தீட்டும்போதும் அவள் உதடு அசைவது தெரிந்தது. பாடத்தை விட்டதற்காக ஏழு மாதத்தில் முதல்முறையாக வருத்தப்பட்டான். மாட்டிக்கொள்வோம் என்ற பயம் ஒரு பக்கம் இருக்கட்டும். அவள் என்னதான் சொல்கிறாள்?

சனிக்கிழமை வந்தது. தமிழர் நாற்பத்தாறு பேர், ஜெர்மன்காரர் பதினாலு பேர். கலா பட்டுச்சேலையில் வரவேற்புரை சொன்னார். பாஸ்கர் திரைச்சீலைகளை இழுத்துவிட்டார். பிரஷாந்தன் மைக்கோடு முன்னால் ஒரு கதிரையில் உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் ஒரு விஷயம் அவனுக்குப் பளிச்சிட்டது: இங்கே தமிழ் தெரிந்தவர்களுக்கு ஜெர்மன் தெரியாது, ஜெர்மன் தெரிந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது. பொய்க்கு இவ்வளவு பாதுகாப்பான மண்டபத்தை எந்த நகரசபையும் கட்டித் தந்ததில்லை.

முதல் அரைமணி நேரம் அவன் குரலில் ஒரு கம்பீரமே வந்துவிட்டது. “மகன் சொல்லுறான், ‘அப்பா, நான் வந்திட்டன்.’ அப்பா சொல்லுறார், ‘மெலிஞ்சு போனாய்.’” சபை உச்சுக்கொட்டியது. பால் வாளி தளும்பியபோது, “இவன் வருவான் எண்டு அவளுக்குத் தெரியும்,” என்றான். பின்வரிசையில் யாரோ “தெரியாமல் என்ன” என்றார்கள். ஹெல்கா அம்மையார் அவனைப் பார்த்துத் தலையசைத்துப் புன்னகைத்தார். அது கொஞ்சம் கலக்கியது. ஆனாலும் சமாளித்தான்.

மூடுபனி வந்தது. கடப்பாரை வந்தது.

“மீசைக்காரர் செத்துப்போன நாயைப் புதைக்கிறார்,” என்றான் பிரஷாந்தன், துக்கத்தோடு.

“நாயோ?”

கேட்டவர் முன்வரிசை அன்னம்மா அன்ரி. எழுபத்தெட்டு வயது. ஊரில் பக்கத்து வளவுக்காரரோடு ஒரு முழ நிலத்துக்குப் பத்தொன்பது வருடம் வழக்காடியவர். தீர்ப்பு வருமுன் அவர் அவுஸ்திரேலியா வந்துவிட்டார், எதிராளிகள் கனடா போய்விட்டார்கள். வழக்கு மட்டும் ஊரில் தனியாக இருக்கிறது.

“ஓம் அன்ரி. நாய்.”

“எங்கை நாய்?”

“சாக்குக்குள்ளை.”

“சாக்கு எங்கை? தம்பி, கண்ணைத் திறந்து பார். உது எல்லைக்கல்லு. உந்தாள் அரக்கிறான்!”

அந்தச் சொல் மின்சாரம் போல வரிசை வரிசையாகப் போனது. அரக்கிறான். அரக்கிறானாம். வேலிக் கதியாலை வருடாவருடம் பிடுங்கி, ஒரு விரற்கடை தள்ளி நட்டு, அடுத்தவன் காணியைச் சத்தமில்லாமல் தன் பக்கம் அழைத்துவரும் கலைக்கு யாழ்ப்பாணத்தில் அதுதான் பெயர். கலை என்றால் அதற்கு ரசிகர்களும் உண்டு. நாற்பத்தாறு பேரும் கதிரை நுனிக்கு வந்துவிட்டார்கள்.

“கல்லிலை குறி இருக்குப் பார். முதல் அங்காலை பாத்துக்கொண்டு இருந்தது. இப்ப இஞ்சாலை.”

“மண்ணை மிதிக்கிறான் பார், புது மண் தெரியாமல்.”

“பழகின கால்.”

பாஸ்கர் கருவியின் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். “ஒரு கல்லுக்கா ஆன்ட்டி இவ்ளோ டென்ஷன்?”

“தம்பி பாஸ்கர், டார்னெய்ட்டிலை வீடு கட்டினீங்கள். மதில் போட்டபிறகு அளந்து பாத்தீங்களோ?”

“இல்ல ஆன்ட்டி. பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனுஷன், அவரே போட்டுட்டார்.”

“அளந்து பாருங்கோ,” என்றார் அன்னம்மா அன்ரி. பாஸ்கர் அதன்பிறகு படத்தைப் பார்த்ததாகத் தெரியவில்லை. சுவரைப் பார்த்தபடி எதையோ யோசித்துக்கொண்டிருந்தார்.

திரையில் மகன் பெட்டி கட்டினான். “பாத்தியோ,” என்றார் அன்ரி, இப்போது முழுச் சபைக்கும். “அப்பன் களவெடுக்கிறதைப் பெடியன் கண்ணாலை கண்டிட்டான். காணியைக் களவு குடுத்த வீட்டிலை போய் எந்த முகத்தோடை பெட்டை கேக்கிறது? அதுதான் வெளிக்கிடுறான்.”

பிரஷாந்தன் வாயைத் திறந்தபடி இருந்தான். பாதிரியார் ஏன் கும்பிட்டார், தேவாலயத்தில் ஏன் இருமினார்கள், மீசைக்காரர் ஏன் மகனின் முகத்தைப் பார்க்காமல் சூப் குடித்தார் என்பதெல்லாம் வரிசையாக வந்து அதனதன் இடத்தில் அமர்ந்தன. ஒன்பது தரம் பார்த்தவன் அவன். அதன்பிறகு அன்ரி சொல்லச் சொல்ல, அவன் அதையே மைக்கில் எடுத்துச் சொன்னான். ஹெல்கா அம்மையார் இன்னும் மரியாதையோடு தலையசைத்தார்.

கடைசிக் காட்சி. வயல் ஓரம், கல், அவள். பதினொரு விநாடி. அவன் பெட்டியை வைத்துவிட்டுச் சிரித்தான்.

பிரஷாந்தன் ஒரு வசனம் தயாரித்து வைத்திருந்தான். “‘போகாதை. உன்னை விட்டா எனக்கு ஆருமில்லை’ எண்டு சொல்லுறாள்.”

“சும்மா இரு தம்பி,” என்றார் அன்ரி. “அப்பிடிச் சொன்னா அவன் அழுவான். உவன் இடுப்பைப் பிடிச்சுக்கொண்டு சிரிக்கிறான். பாஸ்கர், திருப்பிப் போடுங்கோ.”

திருப்பிப் போட்டார்கள். பிரஷாந்தன், “‘கல்லை மறந்திடு, காதல்தான் பெரிசு’ எண்டு...” என்று தொடங்கினான்.

“காணியை மறக்கச் சொல்லி ஒரு பொம்பிளையும் சொல்லமாட்டாள்,” என்றது பின்வரிசை. சபை ஆமோதித்தது. மூன்றாம் தரம் போட்டார்கள்.

ஓரத்தில் நின்ற கலாவின் புன்னகை கொஞ்சம் இறுகியிருந்தது. “மகன், வடிவாக் காது குடுத்துக் கேட்டுச் சொல்லு. அவசரமில்லை.”

அவனிடம் இன்னும் இரண்டு வசனங்கள் கைவசம் இருந்தன. இரண்டும் நல்ல வசனங்கள். ஆனால் இரண்டுமே அந்த மனிதனைச் சிரிக்க வைக்காது என்று அவனுக்கே தெரியும். ஆறு நாளாக மண்டைக்குள் ஓடிய உதடுகள் இப்போது சுவரளவு பெரிதாக அசைந்தன. பதில் தெரிந்தவர் இதே அறையில், மூன்றாவது வரிசையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அதைப் பொறுக்க அவனால் முடியவில்லை.

“ஹெல்கா, அவள் என்ன சொல்கிறாள்?” என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டான். மைக் வாயருகே இருந்தது. அறுபது பேருக்கும் கேட்டது.

ஹெல்கா அம்மையார் எழுந்தார். முகம் சிவந்திருந்தது. “மன்னிக்க வேண்டும், எங்களுக்கும் தெரியாது,” என்றார், அவரும் ஆங்கிலத்தில்தான். “நான் ஹம்பர்க். இவர்கள் எல்லாரும் வடக்கு, கடலோரம். இது மலைக்காரர் பேச்சு. காலமான என் கணவர் இந்தப் படத்தை மலை அழகாக இருக்கிறதென்று வாங்கினார். இருபது வருடமாக எங்களுக்குக் கதை விளங்கவில்லை. நீங்கள்தான் இவ்வளவு தெளிவாகச் சொல்லிக்கொண்டு வந்தீர்கள். முடிந்ததும் யாராவது அதை ஆங்கிலத்தில் சொல்வார்கள் என்றுதான் காத்துக்கொண்டிருக்கிறோம்.”

சபை ஒரு கணம் விழித்தது. பிறகு, “ஓ, ஜெர்மன்காரருக்கே விளங்கேல்லையாம். பெடியன் பாவம், என்ன செய்வான்,” என்று சமாதானமானது. கலாவின் முகம் மலர்ந்தது. பிரஷாந்தன் மூச்சு விட்டான். ஏழு மாதப் பொய்யை ஒரு ஹம்பர்க்கார அம்மையார் இரண்டு நிமிடத்தில் காப்பாற்றிக் கொடுத்துவிட்டார். இனி அவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

“அப்ப அவள் என்னதான் சொன்னவள்?” என்றார் அன்னம்மா அன்ரி.

“இருங்கோ அன்ரி,” என்று கலா கைபேசியை எடுத்தார். “டோர்ட்மண்டிலை இப்ப விடிய எட்டு மணி. என்ர அத்தான் எழும்பியிருப்பார்.”

பெரியப்பா எழும்பித்தான் இருந்தார். விஷயம் சொல்லப்பட்டது. கலா கைபேசியை ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் பிடிக்க, பாஸ்கர் பதினொரு விநாடியை ஓட்டினார்.

“இன்னொருக்காப் போடுங்கோ,” என்றது டோர்ட்மண்ட்.

ஓட்டினார். மறுமுனையில் கோப்பையை மேசையில் வைக்கும் சத்தம். பிறகு ஒரு சிரிப்பு, திரையில் அந்த மகன் சிரித்ததைப் போலவே.

“என்னோடை ஃபாக்டரியிலை பதினாறு வருசம் ஒரு மலைக்காரன் வேலை செய்தவன். உது அவன்ர பாஷை. அவள் சொல்லுறாள், ‘உன்ர அப்பர் மாத்திரமெண்டு நினைச்சியோ? உன்ர அப்பர் பனி உருகத் தள்ளுவார், என்ர அப்பர் அறுவடை முடியத் திருப்பித் தள்ளுவார். எனக்குப் பத்து வயசிலையிருந்து பாக்கிறன். கல்லு நிண்ட இடத்திலைதான் நிக்குது.’”

மண்டபம் வெடித்தது. “ரெண்டு பக்கமும் அரக்கினவங்களோ!” கதிரைகள் கிரீச்சிட்டன. யாரோ ஜெர்மன்காரருக்கு ஆங்கிலத்தில் சொல்ல, இருபது வருடம் தாமதமான பதினாலு சிரிப்புகள் வந்து சேர்ந்துகொண்டன. பிரஷாந்தன் தலையைப் பின்னால் சாய்த்து உட்கார்ந்தான். அப்பாடா. அதுவா? அதனால்தான் அவள் முகம் அப்படி இருந்தது. பஸ் நேரம் சொல்லும் முகம். பத்து வயதிலிருந்து தெரிந்த செய்தி அல்லவா.

அன்னம்மா அன்ரி மட்டும் சிரிக்கவில்லை.

“என்ன அன்ரி?” என்றார் பக்கத்தில் இருந்தவர்.

“ஒண்டுமில்லை.” கைப்பையைத் திறந்து மூடிவிட்டு, “எங்கட பக்கத்துக் கதியால் ரெண்டு மழைக்குச் சரிஞ்சது. நாங்கள் நிமித்தினனாங்கள். நிமித்தினது மட்டும்தான்,” என்றார்.

கைபேசி இன்னும் ஒலிபெருக்கியோடு ஒட்டியிருந்தது. “கலா, தம்பி நிக்கிறானோ?” என்றார் பெரியப்பா. “மலைப்பேச்செண்டபடியால் கஷ்டம்தான். பரவாயில்லை, ஏப்ரலிலை இஞ்சை வந்தால் நான் பழக்கிவிடுறன். அலுமாரி நேற்றுத்தான் பூட்டி முடிச்சனான். ஒரு கிழமை எடுத்தது. ஒரு கதவு நெடுகக் கழண்டு விழுந்தது. உவன் உயரமான பெடியன் எண்டு கண்ணாடியைக் கொஞ்சம் மேலை வைச்சிருக்கிறன். இப்ப எனக்கு அதிலை முகம் தெரியாது, நெத்திதான் தெரியுது.”

சபை அன்போடு சிரித்தது. பிரஷாந்தனால் சிரிக்க முடியவில்லை. டோர்ட்மண்டில் ஒரு மனிதர் தினமும் காலையில் தன் நெற்றியை மட்டும் பார்த்துக்கொள்வது கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

“பெரியப்பா,” என்றான். மைக் இன்னமும் கையில் இருந்தது. “நான் ஜெர்மன் படிக்கேல்லை.”

“என்ன?”

“நாலு கிழமையிலை விட்டுட்டன். மார்ச்சிலை. இப்ப வேறை பாடம். ஏப்ரலிலை வரமாட்டன்.”

சிரிப்பு எந்த வரிசையில் தொடங்கியதோ அந்த வரிசையிலேயே அடங்கியது. ஜெர்மன்காரர் பக்கத்திலும் சத்தம் இல்லை. எந்த மொழியில் என்றாலும் இது விளங்கும் போலிருக்கிறது.

“அப்ப எனக்கு நீ ஜெர்மனிலை எழுதி அனுப்பின காலை வணக்கம் எல்லாம்?”

“அது அந்த நாலு கிழமைக்குள்ளை படிச்சது.”

கரண்டி ஒன்று கோப்பையில் இரண்டு சுற்றுச் சுற்றும் சத்தம் ஒலிபெருக்கியில் பெரிதாகக் கேட்டது.

“ம். கோப்பி ஆறுது,” என்றார் பெரியப்பா. “கலா, பிறகு எடு.”

கலா கைபேசியைச் சேலை மடிப்புக்குள் செருகிக்கொண்டார். மகனைப் பார்க்கவில்லை. “பாஸ்கர் தம்பி, லைற்றைப் போடுங்கோ,” என்றார்.

தமிழர் கூட்டத்தில் கூரை இடிந்து விழுந்தாலும் நன்றியுரை இல்லாமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. கலா தாளை எடுத்தார். அதில் என்ன இருக்கிறது என்று பிரஷாந்தனுக்கு வரிக்கு வரி தெரியும். முந்தாநாள் தட்டச்சு செய்து கொடுத்தவன் அவன்தான். ஏழாவது பந்தி: “ஜெர்மன் மொழியில் புலமை பெற்று, வருகின்ற ஏப்ரல் மாதம் அந்நாடு செல்லவிருக்கும் என் மகன் செல்வன் பிரஷாந்தனுக்கும்.” ‘புலமை’ என்ற சொல்லைக் கூட்டியவர் அம்மா. எழுத்துப்பிழை பார்த்தவன் அவன்.

கலா வாசித்தார். மண்டபம் தந்த நகரசபைக்கு நன்றி. கைதட்டல். படம் தந்த ஹெல்கா அம்மையாருக்கு நன்றி. கைதட்டல். ஒலி ஒளி அமைத்த பாஸ்கருக்கு நன்றி. கைதட்டல். பாஸ்கர் எழுந்து கும்பிட்டார். மனம் டார்னெய்ட் மதிலில் இருந்தது. தேநீர், சிற்றுண்டி, வாகனத் தரிப்பிடம். கைதட்டல், கைதட்டல், கைதட்டல்.

நின்றார்.

தாளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு மறுபடி பார்த்தார். “ஆரிட்டையாவது பேனை இருக்கோ?” என்று கேட்டார். அன்னம்மா அன்ரி கைப்பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். அறுபது பேர் பார்த்திருக்க, கலா மேடையிலேயே தாளை மேசையில் வைத்து ஒரு வரியை வெட்டினார். மேலே எதையோ எழுதினார். அதில் ஒரு சொல்லை மறுபடி வெட்டினார். பிரஷாந்தன் அத்தனை நேரமும் தரைவிரிப்பின் கோடுகளை எண்ணிக்கொண்டிருந்தான்.

கலா தாளை நிமிர்த்திப் பிடித்தார். குரல் எந்த மாற்றமும் இல்லாமல் நன்றியுரைக் குரலாகவே வந்தது.

“ஜெர்மன் மொழியை நான்கு வாரங்கள் பயின்று, வருகின்ற ஏப்ரல் மாதம் வீட்டிலேயே இருக்கவிருக்கும் என் மகன் செல்வன் பிரஷாந்தனுக்கும் எமது மன்றத்தின் சார்பில் மனமார்ந்த நன்றிகள்.”

கைதட்டினார்கள். நன்றியுரையில் பெயர் வந்தால் கைதட்ட வேண்டும். எதற்கு என்று பார்க்கும் வழக்கம் கிடையாது. ஜெர்மன்காரர் எழுந்து நின்றே தட்டினார்கள். பிரஷாந்தனும் எழுந்து, வேறு வழியில்லாமல், கும்பிட்டான்.

ஆட்கள் கலைந்தார்கள். அவன் தானாகவே கதிரைகளை மடித்து அடுக்கத் தொடங்கினான். வழக்கமாக அதற்கு மூன்று தரம் கூப்பிட வேண்டும். நாற்பதாவது கதிரையில் கலா பக்கத்தில் வந்து நின்றார்.

“ஏழு மாசமாச் செவ்வாயும் வியாழனும் எங்கை போனனீ?”

“வகுப்புக்குத்தான்.”

“என்ன வகுப்பு?”

“சினிமா.”

“அங்கை என்ன செய்யிறனியள்?”

“படம் பாக்கிறது.”

“பாத்து?”

“ஏன் அதை அப்பிடி எடுத்தவங்கள், அதிலை என்ன நடக்குது எண்டு கதைக்கிறது. எழுதுறது.”

கலா ஒரு கதிரையைத் தானும் மடித்தார். அது மடியவில்லை. மறுபடி விரித்து, அழுத்தி மடித்தார்.

“இந்தப் படத்தை வீட்டிலை எத்தினை தரம் பாத்தனீ?”

“ஒம்பது.”

“ஒம்பது தரம் பாத்தும் கல்லு அரக்கினது உனக்குத் தெரியேல்லை.”

“இல்லை.”

“அப்ப அதையும் நீ ஒழுங்காப் படிக்கேல்லை,” என்றார் கலா, வெற்றுத் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு காருக்கு நடந்தபடி.